கை படாத சுமை

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வருவதற்கு முன்னால், கப்பல்கள் கரைக்கு வரக் கூச்சப்பட்டு நடுக்கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்க, தோணிகள் போய் அவற்றின் சரக்கை வாங்கி வந்த அந்தக் காலத்தில், கடற்கரைச் சாலைக்கு ஒரு பியானோ வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்த நாளிலிருந்து எங்கள் ஊரில் எடை என்பது காற்றையும் மெட்டையும் பொறுத்த விஷயமாகிவிட்டது.

பியானோவின் சொந்தக்காரர் செலஸ்தீனா தல்மெய்தா. தோணிக்காரக் குடும்பத்துப் பெண். கான்வென்ட்டில் கன்னியாஸ்திரீகளிடம் வாசிக்கப் பழகி, கொழும்பில் போட்டியில் ஜெயித்து, அங்கிருந்து லண்டன், லண்டனிலிருந்து வியன்னா என்று போய், தலை நரைக்கும்வரை மேடைகளில் வாசித்தவர். மேடை என்றால் நடுமேடை அல்ல. வயலின்காரருக்குப் பக்கவாத்தியம், பாட்டுக்காரிக்குப் பக்கவாத்தியம், பெரிய வித்வானுக்குக் காய்ச்சல் வந்தால் அன்று மட்டும் அவருடைய இருக்கை. 'இந்தியப் பெண் என்பதை நினைக்கும்போது வியப்பூட்டும் வாசிப்பு' என்று பத்திரிகைகள் எழுதின. இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் கை குலுக்கினார்கள், தேநீர் கொடுத்தார்கள், அவர் பெயரை ஒருமுறை சொல்ல முயன்று பார்த்தார்கள், பிறகு வேறொருவரை வைத்துப் பதிவு செய்துகொண்டார்கள். உலகம் விரும்பிக் கேட்கும் மெட்டுகளை ஓர் ஆயுள் முழுக்க வாசித்தும் அவர் வாசித்ததற்குச் சாட்சியாக ஒரு தட்டுகூட இல்லை. துண்டறிக்கை மொழியில் இதற்குச் சுரண்டல் என்று பெயர். அவர் மொழியில் பெயரே இல்லை; பல்லைக் கடித்துக்கொள்வார், அவ்வளவுதான்.

நான் அப்போது சுமை தூக்கும் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட அறிக்கைகளில்தான் அதிகம் படித்தவன். என்னோடு தெருவில் நின்று தொண்டை கிழியக் கத்தியவர்களில் ஒருவர் சட்டசபைக்குப் போனார், இன்னொருவர் பெட்ரோல் பங்க் வைத்தார். நான் செயலாளராகவே இருந்தேன். ஆனால் ஊருக்கு ஒரு சட்டம் வாங்கிக் கொடுத்தேன். தொழிலாளி கை படாமல் ஒரு சுமையும் இடம் மாறக் கூடாது என்பது அந்தச் சட்டம். முதலாளி தன் சொந்த நாற்காலியைத் தள்ளினால்கூட எங்கள் ஆள் ஒருவன் அதன் மேல் கை வைப்பான். அந்தச் சட்டத்துக்காகப் போலீசிடம் அடி வாங்கிய என் இடது முழங்கை இன்றும் மடங்காது. மடங்காத கையோடு சாப்பிடுவது எப்படி என்று இன்றைய தலைவர்கள் வந்து கேட்டால் சொல்லித் தருவேன்.

பியானோ லாரியிலிருந்து இறங்கி, கயிறும் கட்டையுமாக எங்கள் ஆட்கள் தோளில் ஏறி அவர் வீட்டு வாசலுக்கு வந்தபோது, கப்பல் பயணத்தில் வாத்தியம் கெட்டிருக்குமோ என்ற பயத்தில் செலஸ்தீனா அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. தெருவிலேயே இறக்கச் சொல்லி, நின்றபடியே மூடியைத் திறந்து, காது போன ஜெர்மன்காரர் ஒருவர் எழுதிய மெதுவான மெட்டை வாசிக்க ஆரம்பித்தார். பியானோ முழங்கால் உயரத்துக்கு எழும்பி நின்றது.

"அக்கா, செத்த நிறுத்துங்க," என்றான் கூட்டத்துக்கு மேஸ்திரியான மாசானமுத்து. "வாசல் நிலை மேல இடிக்கும். கொஞ்சம் தாழ வாசிங்க."

"தாழன்னா?"

"கனமா வாசிங்கக்கா. இடது கையைப் போட்டு அழுத்துங்க."

அவர் இடது கையைப் போட்டு அழுத்தினார். பியானோ கணுக்கால் உயரத்துக்கு இறங்கியது. மாசானமுத்துவும் ஆட்களும் அதன் மேல் கை வைத்து, அவர் வாசித்துக்கொண்டே கூட நடக்க, புது மாட்டைத் தொழுவத்துக்குள் கூட்டிப் போவதுபோல உள்ளே கூட்டிப் போனார்கள். வெளியே வந்ததும் மாசானமுத்து என்னிடம் வந்தான். அவனுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது.

"வே செயலாளரே, கூலிக்கு இது தூக்குன கணக்கா, தள்ளுன கணக்கா?"

"கை பட்டுச்சா?"

"பட்டுச்சு."

"அப்போ தூக்குன கணக்கு," என்றேன். அத்தோடு அந்த விஷயம் முடிந்தது.

அதன் பிறகு அவர் வாசிக்கும்போதெல்லாம், காது எட்டும் தூரத்தில், யாரோ சுமந்தே ஆகவேண்டிய எதுவும் கனம் விட்டு எழும்பியது. வீடு எழும்பவில்லை, மனிதர் எழும்பவில்லை, சும்மா கிடக்கும் கல் எழும்பவில்லை. மூட்டை எழும்பியது, பெட்டி எழும்பியது, பெண்கள் இடுப்பில் தண்ணீர்க் குடம் எழும்பியது. கொண்டல் காற்று கடலிலிருந்து அடித்தால் சத்தம் ஊருக்குள் போய், மார்க்கெட்டில் வாழைத்தார்கள் தூக்குகிறவனை முந்திக்கொண்டு நடந்தன. ஒரு சாவு ஊர்வலத்தில் சவப்பெட்டி தோள்களை விட்டு முன்னே போக, செத்தவர் ஏதோ அவசரத்தில் இருப்பதுபோலத் தெரிகிறது, இது குடும்பத்துக்கு மரியாதையில்லை என்று பங்குச் சாமியார் வந்து சொல்ல, அன்றிலிருந்து துக்கமணி அடித்தால் செலஸ்தீனா அம்மாள் மூடியைச் சாத்திவிடுவார். கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடித்தால் சத்தம் தோணித்துறைக்குப் போகும். அதுதான் எங்கள் காற்று. ஒவ்வொரு மூட்டைக்கும் பக்கத்தில் ஒருவன், மூட்டை தூக்கும் கொக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, சட்டப்படி அதன் மேல் ஒரு கையை வைத்து, மற்றக் கையால் பீடி குடித்துக்கொண்டு கிடங்குவரை நடந்தான்.

மெட்டுகளுக்கு எங்கள் ஆட்கள் பெயர் வைத்தார்கள். காசநோயில் செத்த போலந்துக்காரர் இரவைப் பற்றி எழுதியதற்கு 'உர மூட்டை' என்று பெயர். காது போனவர் எழுதியது 'தேக்குத் தடி'. பிள்ளைகளுக்காக யாரோ எழுதிய சின்ன மெட்டு 'பஞ்சுப் பொதி'. வேகமாக வாசிக்கும் ஒன்றைப் போட்டால் மூட்டைகள் நிலைகொள்ளாமல் துள்ளும் என்பதால் அதை மட்டும் வேண்டாம் என்பார்கள்.

"அக்கோ, இன்னைக்கு சிமெண்டு வந்திருக்கு! தேக்குத் தடி போடுங்க!" என்று காலையில் ஜன்னலுக்கு வெளியே நின்று மாசானமுத்து கத்துவான்.

"அதுக்கு நல்ல பேரு ஒண்ணு இருக்குலே, காட்டுமிராண்டி!" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். பிறகு தேக்குத் தடி வரும்.

வியன்னாவில் இப்படி ஏதாவது எழும்பியதா என்று நான் ஒருநாள் கேட்டேன். "அங்க கேக்க வர்றவங்க ஒருத்தரும் எதையும் சுமந்துட்டு வரமாட்டாங்க தோழரே," என்றார். "போட்டிருக்கிற கோட்டக்கூட வாசல்லயே ஒரு ஆள் வாங்கி வச்சுக்கிடுவான்."

எங்கள் ஆட்களின் தோளில் இருந்த காய்ப்பு உரிந்து விழுந்தது. கழுத்துகள் நிமிர்ந்தன. மாசானமுத்து இரண்டு விரற்கடை வளர்ந்துவிட்டான். அவன் மனைவி பேச்சித்தாய் சங்க ஆபீஸுக்கே வந்து என்னிடம் சண்டை போட்டாள்.

"நான் கெட்டுனது குட்டையான ஆளை. இப்ப இந்த ஆளு என்னைய மேல இருந்து பாக்காரு. சாயந்திரம் வந்தா அலுப்புன்னு படுக்கிறது கிடையாது, கதை பேசணும்ங்காரு. நான் என்னத்தப் பேச?"

இந்தப் புகாருக்குச் சங்க விதிகளில் வழி இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

வியர்க்காத தொழிலாளியைக் கண்டால் முதலாளிக்குத் தூக்கம் வராது. சரக்குக் காண்ட்ராக்டர் வைரமாணிக்கம் தன் கார் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு கரையில் நின்று பல நாள் பார்த்தார். மூட்டை தானாகப் போகிறது. கூட ஒரு ஆள் சும்மா போகிறான். பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு யோசனை வந்தது. அந்தம்மாள் வாசிப்பை ஒரு தட்டில் பிடித்துவிட்டால், கல்யாணத்துக்குக் கட்டுகிற மைக் செட்டைத் தோணித்துறையில் கட்டி, ஒரே ஒரு ஆளைத் தட்டின் மேல் ஊசி வைக்க உட்காரவைத்தால் போதும். மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

அவர் பழத்தட்டோடு செலஸ்தீனா அம்மாள் வீட்டுக்குப் போனார். பம்பாயிலிருந்து பதிவு இன்ஜினியரை வரவழைக்கிறேன், நல்ல மெஷின், நல்ல தட்டு, முகப்பில் உங்கள் பெயர் மட்டும், வெளிநாட்டுக்கு நானே அனுப்பி வைக்கிறேன் என்றார். வாழ்நாள் முழுக்க அந்தம்மாள் யாரிடம் எதிர்பார்த்தாரோ அவர்கள் யாரும் சொல்லாததை, எங்கள் வயிற்றில் அடிக்க வந்தவர் சொன்னார். அந்தம்மாள் சரி என்றார்.

நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"அம்மா, அந்தத் தட்டு வந்தா எங்க ஆளுங்க கொக்கிய விட்டெறிஞ்சுட்டு வீட்டுக்குப் போகணும். அத்தனை குடும்பம்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தோழரே, உங்க ஆளு ஒரு மூட்டையத் தூக்குனா, தூக்குனது அவன்னு சொல்ல ஒரு சங்கம் இருக்கு. நான் வாசிச்சதுக்கு யாரு இருந்தா? எனக்கு அறுபத்து மூணு வயசு. விரலு ஒவ்வொண்ணா மரத்துட்டு வருது. நான் செத்த பெறகு நான் வாசிச்சேன்னு சொல்ல ஒரு தட்டு வேணும். அதக் கொடுக்கறவன் நல்லவனா கெட்டவனான்னு பாக்க எனக்கு நேரம் இல்ல."

நான் எழுதிய அறிக்கைகளையெல்லாம் மனசுக்குள் புரட்டிப் பார்த்தேன். இதற்குப் பதில் ஒன்றிலும் இல்லை. அதனால் கோபம் வந்தது. அன்று சாயங்காலமே பொதுக்குழுவைக் கூட்டினேன்.

பதிவு நடக்கவேண்டியது வைரமாணிக்கத்தின் உப்புக் கிடங்கில். கனத்த சுவர், வெளிச்சத்தம் வராது. அங்கே பியானோ போகவேண்டும். போகவேண்டுமானால் நாங்கள் தூக்கவேண்டும். ஆகவே பியானோவை ஒருவனும் தொடக் கூடாது என்று தீர்மானம் போட்டேன். மாசானமுத்து எழுந்தான்.

"அக்கா பாவம்லா?"

"நீ பாவமில்லையா?"

"நானும் பாவம்தாம். அதுக்கு அக்காவ எதுக்கு நிறுத்தணும்? காண்ட்ராக்டரு கார நிறுத்துவோம்."

"கார்ல பாட்டு வராதுலே, உட்காரு."

தீர்மானம் நிறைவேறியது. பதிவு நாளன்று அவர் வீட்டுக்கு எதிரே கொடியும் பதாகையுமாக எல்லோரும் நின்றோம். 'தொடமாட்டோம், தொடமாட்டோம், பியானோவைத் தொடமாட்டோம்' என்பது கோஷம். நானே எழுதியது. சந்தம் நன்றாக வந்திருந்தது.

கதவு திறந்தது. செலஸ்தீனா அம்மாள் பியானோ முன்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்தார். பியானோ எழும்பி, நிலைப்படியில் உரசாமல் வெளியே வந்து, தெருவில் திரும்பி, உப்புக் கிடங்கின் பக்கம் நகர்ந்தது. அவர் வாசித்தபடியே அதன் கூட நடந்தார். ஒரு பயலும் அதைத் தொடவில்லை. ஒரு கையும் அதன் மேல் இல்லை.

எங்கள் கோஷம் நின்றுவிட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஊர் பார்க்க, பட்டப்பகலில், கடற்கரைச் சாலையில், தொழிலாளி கை படாத சுமை ஒன்று தன்பாட்டுக்கு இடம் மாறிக்கொண்டிருந்தது. அதைவிடப் பெரிய அவமானம் எங்கள் சங்க வரலாற்றில் இல்லை.

"ஏலே, கை வைங்கலே!" என்று கத்தினான் மாசானமுத்து. கொடிகள் கீழே விழுந்தன. மொத்தச் சங்கமும் ஓடிப் போய், இடித்துக்கொண்டு, முண்டியடித்துக்கொண்டு பியானோவின் மேல் கை வைத்தது. இடம் கிடைக்காதவன் கை வைத்தவன் மேல் கை வைத்தான். தீர்மானத்தை நினைவுபடுத்தக் கத்திக்கொண்டே கூட ஓடிய நான் எந்த இடத்தில் என் வலது கையைப் பியானோவின் காலில் வைத்தேன் என்று எனக்குத் தெரியாது. கிடங்கு வாசலில் பார்த்தபோது அங்கே இருந்தது.

"நன்றி தோழரே," என்றார் செலஸ்தீனா அம்மாள், வாசிப்பை நிறுத்தாமல்.

கிடங்கில் வைரமாணிக்கம் உப்பு மூட்டைகளைக் கூரைக்குப் பாதி உயரம் அடுக்கி வைத்திருந்தார். எத்தனை எழும்புகிறது என்று கண்ணால் பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை. பம்பாய் இன்ஜினியர் சொராப், தலையில் தொப்பியும் காதில் கருவியுமாக, மைக்குகளை நட்டுவிட்டுக் கையைக் காட்டினார். செலஸ்தீனா அம்மாள் கண்ணை மூடினார். வாழ்நாளெல்லாம் காத்திருந்த வாசிப்பு அது. இதுவரை ஜன்னல் வழியாக எங்களுக்கு வந்ததெல்லாம் பயிற்சிதான் என்று முதல் அடியிலேயே புரிந்தது. ஏனென்றால் பியானோ முழங்காலோடு நிற்கவில்லை. தலைக்கு மேலே போக, அவர் கைகளை உயர்த்தி எட்டி எட்டி வாசித்தார். மூட்டைகள் மொத்தமாகக் கிளம்பிக் கூரைத் தகரத்தில் போய் முட்டின. ஆணிகள் பிடுங்கிக்கொண்டு தெறித்தன.

"தி பியானோ! மை மைக்!" என்று அலறினார் சொராப்.

"பிடிங்கலே! கூரை போகுதுலே! எல்லாத்தையும் இழுத்துப் பிடிங்கலே!" என்று அலறினார் வைரமாணிக்கம்.

முதலாளி உத்தரவு அது, நாங்களாகச் செய்யவில்லை. எங்கள் ஆட்கள் பாய்ந்து ஆளுக்கு ஒரு மூட்டையைக் கட்டிப் பிடித்துத் தொங்கினார்கள். பாதிப் பேர் பியானோவின் கால்களில் தொங்கினார்கள். வாழ்க்கை முழுக்கச் சுமையை மேலே ஏற்றியவர்கள் அன்று முதல்முறையாகச் சுமையைக் கீழே இழுக்க வியர்த்தார்கள். பியானோ இறங்கித் தரையில் நின்றது. மூட்டைகள் இறங்கின. அவர் முதலிலிருந்து ஆரம்பித்தார். தேக்குத் தடி, உர மூட்டை, பஞ்சுப் பொதி என்று ஒவ்வொன்றாக முழு மெட்டையும் வாசித்து முடிக்கும்வரை எங்கள் ஆட்கள் பல்லைக் கடித்து, மூச்சை அடக்கி, ஒரு மூட்டையையும் அசைய விடாமல் பிடித்திருந்தார்கள். மாசானமுத்துவின் கண்ணில் தண்ணீர். பாரத்தாலா மெட்டாலா என்று நான் கேட்கவில்லை. அவன் பக்கத்தில் பியானோக் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்த என் கண்ணிலும் இருந்தது.

முடிந்ததும் சொராப் காதுக் கருவியைக் கழற்றி, முகம் சுருங்கி, ஏதோ இங்கிலீஷில் சொன்னார். அம்மாள் எங்களுக்குச் சொன்னார்: "நீங்க பிடிச்சு இழுத்ததும் பதிஞ்சிருக்காம். மூச்சு கேக்கலை, ஆனா இழுப்பு இருக்குங்கறாரு. திரும்ப எடுக்கணுமான்னு கேக்காரு."

"என்ன சொன்னீங்க?" என்றேன்.

"வேண்டாம்னேன். இதுதான் என் வாசிப்பு."

தட்டு அச்சாகி வந்தது. முகப்பில் பெயர், பெரிய எழுத்தில், வேறு யார் பெயரும் இல்லாமல். வைரமாணிக்கம் தோணித்துறையில் கூம்பு ஸ்பீக்கர்களைக் கட்டி, ஊரில் உள்ள வியாபாரிகளையெல்லாம் அழைத்து, நாற்காலி போட்டு, சோடா கொடுத்து, தன் கையாலேயே ஊசியை வைத்தார். நாங்கள் கைகளைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றோம். அந்த மெட்டு முடிவதற்குள் எங்கள் பிழைப்பு போய்விடும் என்றுதான் நின்றோம்.

தேக்குத் தடி கடற்கரை முழுக்கப் பரவியது. சிமெண்டு மூட்டைகள் சிலிர்த்தன. ஒரு நூல் அளவு எழும்பின. எழும்பியதும் யாரோ கீழிருந்து பிடித்து இழுத்ததுபோல மறுபடியும் உட்கார்ந்தன. எழும்பின, உட்கார்ந்தன. எத்தனை முறை போட்டாலும் அப்படித்தான். தூக்குவதும் அந்தத் தட்டில் இருந்தது, தூக்க விடாததும் அதில் இருந்தது. வியாபாரிகள் சோடாவைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். வைரமாணிக்கம் ஒரு மூட்டையிடம் போய்க் குனிந்து, "எழும்பு சனியனே," என்று கெஞ்சியதை நான் பார்த்தேன். பிறகு நிமிர்ந்து, யாரையும் பார்க்காமல், "நீங்களே தூக்குங்க," என்றார்.

என் வாழ்க்கையில் நான் ஜெயித்த போராட்டங்களில் என் தீர்மானத்தை மீறி ஜெயித்தது அது ஒன்றுதான்.

தட்டு கப்பலேறிப் போனது. போன இடத்தில் எல்லாம், இந்த வாசிப்பில் இதுவரை கேட்காத ஒரு கனம் இருக்கிறது, இசை பறக்கத் துடிக்கிறது, ஆனால் மண்ணை விடவில்லை, இது எப்படி என்று எழுதினார்கள். லண்டனிலிருந்து கூப்பிட்டார்கள், வியன்னாவிலிருந்து கூப்பிட்டார்கள். இந்த முறை யாருக்கும் பின்னால் அல்ல. செலஸ்தீனா அம்மாள் பெட்டி கட்டினார். பியானோவும் போகிறது என்றார்.

பொதுக்குழு தானாகவே கூடியது. நான் கூப்பிடவில்லை.

"அக்கா போயிட்டா பழையபடி முதுகுலதான ஏத்தணும்?" என்றான் ஒருவன். "நாம தூக்கலன்னா பியானோ போகாது. பியானோ போகலன்னா அக்கா போகமாட்டாங்க. சட்டம் நம்ம கையிலதான இருக்கு?"

"அன்னைக்கு வாசிச்சுட்டே போனாங்களே?" என்றான் இன்னொருவன்.

"இப்ப தோணியில ஏத்தணும்லா. பலகை மேல, அலையில, வாசிச்சுக்கிட்டே எப்படி ஏறுவாங்க?"

எல்லோரும் மாசானமுத்துவைப் பார்த்தார்கள். கழுத்து நிமிர்ந்ததில் அதிகம் லாபம் அடைந்தவன் அவன்தான். அவன் வெகுநேரம் தன் தோளைத் தடவிக்கொண்டிருந்தான். காய்ப்பு உரிந்து, சின்னப் பிள்ளைத் தோல்போல இருந்தது.

"கயித்த எடுங்கலே," என்றான்.

தோணித்துறையில் கச்சான் அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் கயிறு போடுவதைப் பார்த்த செலஸ்தீனா அம்மாள் மூடியைத் திறந்து விரல்களை வைத்தார். "பஞ்சுப் பொதி போடுதேன். லேசா இருக்கும்."

மாசானமுத்து போய், அவர் விரல்கள் நசுங்காமல், மூடியை மெதுவாகச் சாத்தினான்.

"வேண்டாம்க்கா. வாசிச்சா நாங்க தூக்குனதா ஆவாது."

அவர் கைகளை மடியில் கோத்துக்கொண்டு ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். தூக்கினோம். உண்மையான கனம் அப்படியே தோளில் இறங்கியது. புதுத் தோலைக் கயிறு அறுத்தது. மாசானமுத்து வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லி அதைச் செய்த மரத்தச்சனின் பரம்பரையைத் திட்டினான். பலகை வளைந்தது. ஒரு அடி, நின்று ஒரு மூச்சு, இன்னொரு அடி. தோணியில் இறக்கியபோது தோணி ஒரு சாண் தண்ணீரில் அமிழ்ந்தது.

"ரொம்பக் கனமாலே?" என்று கேட்டார் செலஸ்தீனா அம்மாள்.

"பின்ன இல்லாமலா?" என்றான் மாசானமுத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய.

நாங்கள் கரைக்கு இறங்கிக்கொள்ள, செலஸ்தீனா அம்மாள் ஏறியதும் தோணி பாயை விரித்தது. இந்தச் சமயத்தில் செயலாளர் ஒரு கோஷம் போடவேண்டும் என்று எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை, மடங்காத கையோடு பியானோவின் ஒரு மூலையை நானும் சுமந்திருந்தேன், மூச்சு இன்னும் திரும்பவில்லை.